நோட் ஜேஎஸ்ல கிட் ஓட்டும்போது புஷ் ஏன் நிக்குது, தமிழ்க் கோப்புப் பேர் ஏன் எண்ணா மாறுது? (நேயர் கேள்விக்கு விளக்கம்)

வணக்கம். போன காணொளியில பிராசஸ், ஸ்ட்ரீம் ரெண்டையும் பேசினோம். அதைப் பார்த்துட்டு உட்லண்ட்ஸ்ல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பின கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

அவங்க ஆபீஸ்ல தமிழ், ஆங்கிலம் ரெண்டு மொழியிலயும் ஓர் இணையதளம் நடத்துறாங்க. கட்டுரை எல்லாம் மார்க்டவுன்ங்கிற எளிய எழுத்துக் கோப்பா ஒரு கிட் ரெப்போவுல, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாச் சேமிக்கிற ஃபோல்டர்ல இருக்கு. எடிட்டருங்க "வெளியிடு" பட்டனை அழுத்தினா நோட் ஜேஎஸ்ல (பிரவுசருக்கு வெளிய ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுற நிரல்) எழுதின சர்வர் கிட் ஆட் (மாற்றத்தைத் தேர்ந்தெடுக்கிறது), கமிட் (வரலாற்றுல பதியறது), புஷ் (இன்னொரு சர்வருக்கு அனுப்பறது) மூணையும் ஓட்டணும். அதை, வெளி நிரலை ஓட்டுற எக்ஸெக் ஃபங்ஷன்ல ஒரே ஸ்ட்ரிங்கா எழுதியிருக்காங்க. "சில நேரம் புஷ் அப்படியே நின்னுடுது அண்ணா, எர்ரரும் வரல. அப்புறம் தமிழ்ல பேர் வெச்ச கோப்பு மட்டும் கிட் ஸ்டேட்டஸ்ல ஏதோ எண்ணா வருது. சிம்பிள்-கிட் பேக்கேஜுக்கு மாறினா சரியாயிடுமா?" இதுதான் கேள்வி. கிட் ஸ்டேட்டஸ்னா எந்தெந்தக் கோப்பு மாறியிருக்குன்னு காட்டுற கமாண்ட். சிம்பிள்-கிட்னா நோட்ல இருந்து கிட்டை ஓட்ட உதவுற ஒரு தயார் பேக்கேஜ்.

பேக்கேஜ் விஷயத்தைக் கடைசியில சொல்றேன். கிட் ஒரு கமாண்ட்லைன் நிரல். தன்னை ஓட்டுறது ஒரு மனுஷன்னு நெனச்சுத்தான் பாதி நேரம் பேசும். பாஸ்வேர்டு கேக்கும், எடிட்டரைத் திறக்கும், கண்ணுக்கு அழகா வெளியீட்டை மாத்திக் காட்டும். நோட் உள்ள இருந்து ஓட்டும்போது எதிர்ல மனுஷன் இல்லைன்னு கிட்டுக்கு நாமதான் சொல்லணும். இதை இன்னைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்போறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல அந்த எக்ஸெக்கை எடுத்துடுங்க. எக்ஸெக் ஒரு ஷெல்லை, அதாவது கமாண்டைப் படிச்சு ஓட்டுற நிரலைத் திறந்து, நீங்க குடுத்த ஸ்ட்ரிங்கை அதுகிட்ட குடுக்கும். லினக்ஸ்ல அது எஸ்ஹெச், விண்டோஸ்ல சிஎம்டி. எடிட்டர் கமிட் மெசேஜா "நுழைவுச்சீட்டு $15" அப்படின்னு டைப் பண்றார்னு வைங்க. அதை இரட்டை மேற்கோளுக்குள்ள ஒட்டி எக்ஸெக்குக்கு அனுப்பினா என்ன பதிவாகும் தெரியுமா? "நுழைவுச்சீட்டு 5". ஷெல்லுக்கு $1ன்னா முதல் ஆர்க்யுமென்ட். அப்படி ஒண்ணு இல்ல, அதனால அது வெறுமையாயிடும், பின்னால இருக்கிற 5 மட்டும் நிக்கும். எர்ரர் வராது. பதினஞ்சு வெள்ளி அஞ்சு வெள்ளியா வரலாற்றுல உக்காந்துடும். அதே இடத்துல டாலர் குறி போட்டு அடைப்புக்குறிக்குள்ள ஒரு கமாண்டை யாராவது எழுதினா, அது உங்க சர்வர்ல ஓடும்.

அதுக்குப் பதிலா நோட்லயே இருக்கிற எக்ஸெக்ஃபைல் இல்லேன்னா ஸ்பான் ஃபங்ஷனை எடுங்க. முதல் ஆர்க்யுமென்ட் "கிட்". ரெண்டாவது ஓர் அரே, அதுல "கமிட்", "-எம்", அப்புறம் மெசேஜ், ஒவ்வொண்ணும் தனி உறுப்பா. ஷெல் நடுவுல வராது, $15 அப்படியே போய்ச் சேரும். ஷெல் ஆப்ஷனை ட்ரூன்னு மட்டும் வெச்சுடாதீங்க, வெச்சா பழைய கதைதான்.

இதோட பாதுகாப்பு முடிஞ்சதுன்னு பலர் விட்டுடுறாங்க, முடியல. பிராஞ்ச் (வரலாற்றோட ஒரு கிளை) பேரையோ ரெப்போ முகவரியையோ பயனர் குடுக்கிறார், அது ஹைஃபன்ல ஆரம்பிக்குதுன்னா கிட் அதை ஆப்ஷனா எடுத்துக்கும். வேற இடத்துல இருக்கிற ரெப்போவுல இருந்து எடுத்துட்டு வர்ற ஃபெட்ச், குளோன் கமாண்டுல "--அப்லோட்-பேக்="னு ஒண்ணு உள்ள நுழைஞ்சா, அதுக்கப்புறம் எழுதியிருக்கிற நிரலை ஓட்டவைக்க முடியும். ஷெல்லே இல்லாம நடக்கிற தாக்குதல் இது. 2022ல சிம்பிள்-கிட் பேக்கேஜுலயே இந்த வகை ஓட்டைகளைக் கண்டுபிடிச்சுத் திருத்தினாங்க. அதனால கோப்புப் பேருக்கு முன்னாடி ரெண்டு ஹைஃபன் மட்டும் தனி ஆர்க்யுமென்டா வைங்க. பிராஞ்ச் பேருன்னா கிட் 2.24 பதிப்புல இருந்து "--எண்ட்-ஆஃப்-ஆப்ஷன்ஸ்" இருக்கு. ஹைஃபன்ல ஆரம்பிக்கிற பிராஞ்ச் பேரை எப்படியும் கிட் ஏத்துக்காது, அதனால நீங்களே வாசல்ல நிறுத்திடலாம்.

இப்ப நின்னுபோற புஷ். யூசர்நேம், பாஸ்வேர்டு தேவைப்பட்டா கிட் அதை ஸ்டாண்டர்ட் இன்புட்ல, அதாவது நிரலுக்குள்ள நாம எழுத்து அனுப்புற வழியில கேக்காது. /டெவ்/டிடிஒய் அப்படிங்கிற டெர்மினலையே நேராத் திறந்து அங்க கேக்கும். உங்க நோட் கோடு, கிட் எழுதுற வழிகளான ஸ்டாண்டர்ட் அவுட்புட்டையும் ஸ்டாண்டர்ட் எர்ரரையும் பார்த்துக்கிட்டே இருக்கும், ரெண்டுலயும் ஒண்ணும் வராது. சர்வரை ஒரு டெர்மினல்ல கையால தொடங்கி விட்டிருந்தாலோ, கன்டெய்னருக்கு (நிரலைத் தனியா அடைச்சு ஓட்டுற பெட்டி மாதிரி) டிடிஒய் குடுத்து ஓட்டியிருந்தாலோ, அந்தக் கேள்வி அங்க போய் நிக்கும். பதில் சொல்ல யாரும் இல்ல. வேற கணினியோட பாதுகாப்பா இணைக்கிற எஸ்எஸ்ஹெச்சும் அப்படித்தான். புது ஹோஸ்ட்டா இருந்தா "நம்பலாமா, யெஸ் ஆர் நோ"ன்னு கேட்டுட்டு உக்காந்துடும்.

எதிர்ல மனுஷன் இல்லைன்னு சொல்லுங்க. என்விரான்மென்ட்ல (நிரலைத் தொடங்கும்போது அதுக்குக் குடுக்கிற அமைப்புகள்) கிட்_டெர்மினல்_பிராம்ப்ட் = 0. எல்லாம் கேப்பிடல் எழுத்து, நடுவுல அண்டர்ஸ்கோர். எஸ்எஸ்ஹெச்ல போறீங்கன்னா கிட்_எஸ்எஸ்ஹெச்_கமாண்ட் வேரியபிள்ல "எஸ்எஸ்ஹெச் -ஓ பேட்ச்மோட்=யெஸ்". இப்ப பாஸ்வேர்டுக்குப் பதிலாக் குடுக்கிற டோக்கன் காலாவதியானா உடனே எர்ரரோட திரும்பி வரும். காத்துக்கிட்டு நிக்காது. நெட்வொர்க் தொங்கிப்போற நேரத்துக்காக எக்ஸெக்ஃபைலுக்கு டைம்அவுட்டும் குடுங்க, புஷ்ஷுக்கு 60,000 மில்லிசெகண்ட் வெச்சு ஆரம்பிச்சுப் பாருங்க.

இந்த என்விரான்மென்ட் குடுக்கிற இடத்துல ஒரு பள்ளம். என்வ் ஆப்ஷன்ல நீங்க குடுக்கிற ஆப்ஜெக்ட் பழையதோட சேராது, முழுசா மாத்திடும். அதுல கிட்_டெர்மினல்_பிராம்ப்ட்டை மட்டும் வெச்சா பாத் (நிரல்களைத் தேடுற இடங்கள்) போயிடும், ஹோமும் (யூசரோட ஃபோல்டர்) போயிடும். அப்புறம் உங்க பேர் எழுதியிருக்கிற குளோபல் கிட்கான்ஃபிக் கோப்பு தெரியாது, "நீங்க யாருன்னு சொல்லுங்க"ன்னு கமிட் நிக்கும். முதல்ல பிராசஸ் டாட் என்வ்வைப் பரப்பி, அது மேல உங்களோடதைச் சேருங்க.

"ஸ்பான் கிட் இநோஎன்ட்" அப்படின்னு எர்ரர் வந்தா கிட் நிறுவலன்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க. சிடபிள்யூடியா, அதாவது கிட் ஓடவேண்டிய இடமாக் குடுத்த ஃபோல்டர் இல்லேன்னாலும் இதே எர்ரர்தான் வரும். முதல்ல ஃபோல்டரைப் பாருங்க. அது சரியா இருந்தா, கன்டெய்னரை உருவாக்குற இமேஜைப் பாருங்க. நோட்டோட ஆல்பைன் இமேஜ்லயும் ஸ்லிம் இமேஜ்லயும் கிட் வராது, நாமதான் சேர்க்கணும்.

சிங்கப்பூர்ல இருக்கிறவங்க கவனிக்க வேண்டிய ஒண்ணையும் இங்கேயே சொல்லிடறேன். கன்டெய்னர் பொதுவா யூடிசி நேரத்துல ஓடும், அது சிங்கப்பூரை விட 8 மணி நேரம் பின்னாடி. காலையில 7:30க்கு எடிட்டர் வெளியிட்டா, கமிட்டுல முந்தின நாள் தேதி, இரவு 11:30, +0000னு பதிவாகும். காலை 8 மணிக்கு முன்னாடி போடுற எல்லாத்துக்கும் இப்படித்தான். கமிட் தேதியை வெச்சு "இன்றைய கட்டுரைகள்"னு பட்டியல் போடுற தளத்துல அது அன்னைக்குத் தெரியாது. நேர மண்டலத்தைச் சொல்ற டிஇசட் வேரியபிள்ல ஏசியா/சிங்கப்பூர் குடுங்க. ஆல்பைன்ல அதுக்கு டிஇசட்டேட்டா பேக்கேஜ் வேணும். அது வேண்டாம்னா "எஸ்ஜிடி-8"ன்னு குடுக்கலாம். மைனஸ் போட்டிருக்கேன்னு யோசிக்காதீங்க, அந்த எழுத்துமுறையில கிழக்குப் பக்கம்தான் மைனஸ்.

சரி, தமிழ்க் கோப்புப் பேரு. தங்கச்சி இதை ரெண்டாவதாக் கேட்டாங்க. நானா இருந்தா இதைத்தான் முதல்ல கேட்டிருப்பேன், ஏன்னா கிட் சொல்றதை நிரல் எப்படிப் படிக்கணும்னு முழுசாப் புரியறது இங்கதான்.

"தமிழ்"னு ஆரம்பிக்கிற ஒரு கோப்பைச் சேர்த்துட்டு கிட் ஸ்டேட்டஸ் போட்டா மேற்கோளுக்குள்ள \340\256\244ன்னு தொடங்கும். இது கெட்டுப்போன எழுத்து இல்ல. கணினி எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில "த" மூணு பைட். அந்த மூணு பைட்டையும் எட்டடிமான எண்ணா (0 முதல் 7 வரை உள்ள இலக்கம் மட்டும்) எழுதினா 340, 256, 244. அவ்வளவுதான். ஆஸ்கிங்கிற ஆங்கில எழுத்துப் பட்டியலுக்கு வெளிய இருக்கிற எழுத்தை டெர்மினல் தப்பாக் காட்டக்கூடாதுன்னு கிட் இப்படி எழுதுது. கோர்.கோட்பாத்ங்கிற அமைப்பை ஃபால்ஸ்னு மாத்தினா தமிழ் எழுத்து தெரியும். ஆனா பேருல மேற்கோள் குறியோ டேபோ இருந்தா அப்பவும் மேற்கோள் போட்டுத்தான் வரும். அதனால அந்த வழி பாதிதான்.

முழு வழி "-இசட்". "கிட் ஸ்டேட்டஸ் --போர்சலேன் -இசட்"னு ஓட்டுங்க. போர்சலேன்னா நிரலுக்கான வடிவம், கிட்டோட பதிப்பு மாறினாலும் பயனரோட கலர் செட்டிங் மாறினாலும் அது மாறாது. -இசட் போட்டா ஒவ்வொரு பேருக்கும் கடைசியில பூஜ்ஜிய பைட் வரும், மேற்கோளும் இல்ல, எட்டடிமான எண்ணும் இல்ல. கோப்புப் பேருல வரவே முடியாத பைட் அது, அதை வெச்சு வெட்டினா ஒருநாளும் தப்பாது. ஒண்ணு மட்டும் கவனிங்க: பேர் மாத்தின கோப்புக்கு -இசட்ல புதுப் பேரு முதல்ல, பழைய பேரு அடுத்து வரும். சாதாரண வெளியீட்டுல பழசு, அம்புக்குறி, புதுசுன்னு வரும். வரிசை தலைகீழ். அந்த ரெண்டாவது பேரையும் சேர்த்து எடுக்கலைன்னா அதுக்குக் கீழ உள்ள பட்டியல் மொத்தமும் ஒரு இடம் தள்ளிப்போகும்.

ஸ்பான் வெச்சுப் படிக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. வெளியீடு துண்டு துண்டா வரும், டேட்டா நிகழ்வுல வர்ற துண்டு எந்த பைட்டுல வேணும்னாலும் உடையும். "ழ"வோட மூணு பைட்டுல ரெண்டு இந்தத் துண்டுல, ஒண்ணு அடுத்ததுல வரலாம். ஒவ்வொரு துண்டையும் தனியா டூஸ்ட்ரிங் பண்ணி எழுத்தாக்கினா அந்த இடத்துல கறுப்பு வைரத்துக்குள்ள கேள்விக்குறி வரும். சின்ன ரெப்போவுல வராது, கோப்பு பெருகினதும் வரும். ஆங்கிலப் பேருல சோதிச்சா பிடிபடவே பிடிபடாது. ஸ்ட்ரீம்ல செட்என்கோடிங் "யூடிஎஃப்8"னு வைங்க, இல்லேன்னா எல்லாத் துண்டையும் பஃபரா, அதாவது வெறும் பைட்டாவே சேர்த்து கடைசியில ஒரே தடவை மாத்துங்க. அந்தக் கடைசியும் எக்சிட் நிகழ்வு இல்ல, குளோஸ் நிகழ்வு. எக்சிட் வரும்போது வெளியீடு பைப்ல மிச்சம் இருக்கலாம்.

எக்ஸெக்ஃபைல்னா இதையெல்லாம் அதுவே பார்த்துக்கும், ஆனா வெளியீட்டோட உச்ச அளவான மேக்ஸ்பஃபர் 1024 × 1024 பைட்டுலதான் இருக்கும். வரலாற்றைக் காட்டுற கிட் லாக், மாற்றத்தைக் காட்டுற கிட் டிஃப் ரெண்டும் அதைச் சுலபமாத் தாண்டும். தாண்டினா கிட்டைக் கொன்னுட்டு எர்ரர் குடுக்கும். அந்த ரெண்டுக்கும் அளவை ஏத்துங்க, இல்லேன்னா ஸ்பானுக்கே போங்க.

தமிழ்ல இன்னும் ஒரு வேலை பாக்கி. "பொங்கல்"ங்கிற பேருல இருக்கிற "பொ"வை ரெண்டு விதமாச் சேமிக்கலாம். ஒ-கரக் குறி ஒரே குறியீடா இருக்கும், இல்லேன்னா கொம்பு தனி, கால் தனியா ரெண்டு குறியீடா இருக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. லினக்ஸ்ல கிட்டுக்கு அது ரெண்டு வெவ்வேறு கோப்பு. ஜாவாஸ்கிரிப்ட்லயும் மூணு சமக்குறி போட்டா ஃபால்ஸ். எடிட்டர் குடுக்கிற பேரைக் கோப்பாக்கும் முன்னாடியே நார்மலைஸ் "என்எஃப்சி" போட்டு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துடுங்க. ஓ-காரம், ஔ-காரத்துக்கும் இதேதான்.

திரும்ப மனுஷன் இல்லாத கதைக்கு வரேன். கிட் வேலை முடிஞ்சதா, இல்லையான்னு எதை வெச்சு முடிவு பண்றீங்க? ஸ்டாண்டர்ட் எர்ரர்ல எழுத்து வந்தாலே தோல்வின்னு எழுதின கோடு நிறைய இருக்கு. புஷ், ஃபெட்ச், குளோன் எல்லாமே வெற்றிச் செய்தியையும் அங்கதான் எழுதும். நிரல் முடியும்போது குடுக்கிற எண்ணான எக்சிட் கோடைப் பாருங்க. அதுலயும் பூஜ்ஜியம் இல்லாதது எல்லாம் பிழை இல்ல. கமிட் பண்ண ஒண்ணும் இல்லேன்னா கமிட் 1 குடுக்கும், எக்ஸெக்ஃபைல் அதை எர்ரரா வீசும், எடிட்டருக்குச் சிவப்புல பிழைன்னு தெரியும். அதனால ஆட் பண்ணினதும் "கிட் டிஃப் --கேஷ்ட் --குவையட்" ஓட்டுங்க. 0ன்னா மாற்றமே இல்ல, நல்லபடியாத் திரும்பிடுங்க. 1ன்னா மாற்றம் இருக்கு, கமிட்டுக்குப் போங்க. 128ன்னா நிஜமான பிழை. கன்டெய்னர்ல 128ஓட "டூபியஸ் ஓனர்ஷிப்"னு வந்தா, ஃபோல்டரோட உரிமையாளரும் நோட்டை ஓட்டுற யூசரும் வேற வேற ஆளு. உரிமையாளரைச் சரி பண்ணுங்க, இல்லேன்னா குளோபல் கான்ஃபிக்ல சேஃப்.டைரக்டரியா அந்தப் பாதையைச் சேருங்க.

ரெண்டு எடிட்டர் ஒரே நேரத்துல பட்டனை அழுத்தினா "இன்டெக்ஸ்.லாக் இருக்கு"ன்னு ஒருத்தருக்குப் பிழை வரும். ஒரே நேரத்துல ரெண்டு பேர் எழுதாம இருக்க கிட் போடுற பூட்டுக் கோப்பு அது. அந்தக் கோப்பை அழிக்கிற கோடு எழுதாதீங்க, இன்னொரு கிட் அந்த நேரத்துல எழுதிக்கிட்டிருக்கும். ஒரு ரெப்போவுக்கு ஒரு வரிசை வைங்க, முந்தின வேலையோட பிராமிஸ் முடிஞ்சதும் அடுத்தது. திரையில நிலையைக் காட்டறதுக்காக அடிக்கடி ஓட்டுற ஸ்டேட்டஸ் கூட இன்டெக்ஸைப் புதுப்பிக்க அந்த லாக்கை எடுக்கும். அதுக்கு "கிட் --நோ-ஆப்ஷனல்-லாக்ஸ் ஸ்டேட்டஸ்"னு குடுங்க. டைம்அவுட்ல நிறுத்தும்போது "முடிச்சுக்கோ"ன்னு சொல்ற சிக்டெர்ம் சிக்னல்தான் போகணும், அது வந்தா கிட் தன் லாக்கைத் துடைச்சுட்டுப் போகும். உடனே கொல்ற "சிக்கில்" சிக்னலை அனுப்பினா லாக் கோப்பு அங்கேயே கிடக்கும்.

இப்ப பேக்கேஜ். சிம்பிள்-கிட் உள்ளுக்குள்ள நம்ம சிஸ்டத்துல இருக்கிற அதே கிட்டைத்தான் ஓட்டுது. பிராம்ப்ட், இன்டெக்ஸ்.லாக், உரிமையாளர் சிக்கல் எல்லாம் அப்படியே வரும். ஸ்டேட்டஸைப் பிரிச்சுக் குடுக்கும், கமாண்டுகளை வரிசையா ஓட்டும், அது நல்ல உதவி. ஐசோமார்ஃபிக்-கிட் வேற ஜாதி, முழுக்க ஜாவாஸ்கிரிப்ட், கிட் நிறுவாத இடத்துலயும் பிரவுசர்லயும் ஓடும். ஆனா எஸ்எஸ்ஹெச் கிடையாது, ஹெச்டிடிபி மட்டும்தான். டோக்கனை ஆன்ஆத் ஃபங்ஷன்ல நீங்களே குடுக்கணும்.

தங்கச்சி, உங்களுக்கு மூணே கமாண்டு. எக்ஸெக்ஃபைலைச் சுத்தி ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினா போதும்னுதான் நான் சொல்வேன். கிட் லாக், மெர்ஜ், டேக்னு பட்டியல் நீளப்போகுதுன்னா சிம்பிள்-கிட் எடுங்க. எடுத்தா புது பதிப்பா எடுங்க. அதோட என்வ் மெத்தடும் பழைய என்விரான்மென்டை மொத்தமா மாத்திடும், பிராசஸ் டாட் என்வ்வை அங்கேயும் பரப்பிக் குடுங்க.