சேமிப்பகத் தரவுக்கு முன்னுரிமை: கொடுத்தால் மட்டும் போதாது

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம். புதிய தரவு மையங்களுக்கு அனுமதி வழங்குவதை 2019இல் நிறுத்திவைத்த சிங்கப்பூர், 2022இல் நிபந்தனைகளோடு மீண்டும் வழங்கத் தொடங்கியது. நிலமும் மின்சாரமும் அளவாக உள்ள இந்நாட்டில், சேமிப்பகத்துக்கெனத் தனி வலையமைப்பு அமைக்காமல், மற்றத் தரவுப் போக்குவரத்து செல்லும் அதே சுவிட்சிலேயே (கருவிகளை இணைத்துத் தரவைக் கைமாற்றும் பெட்டியிலேயே) சேமிப்பகத் தரவையும் அனுப்புவது பொருத்தமான வழி. ஆனால் அதற்குக் கூடுதல் கவனம் தேவை.

இணையப் பக்கத்தின் ஒரு பாக்கெட், அதாவது தரவின் ஒரு சிறு துண்டு, தொலைந்தால் டி.சி.பி. என்னும் இணைய நெறிமுறை அதை மீண்டும் அனுப்பிவிடும், பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. சேமிப்பகத்துக்கு எழுதப்படும் தரவு அப்படியன்று. டி.சி.பி.யின் மேல் இயங்கும் ஐ-ஸ்கசி என்னும் சேமிப்பக நெறிமுறை இழப்பைத் தாங்கிக்கொண்டாலும், அந்தத் தாமதம் தீரும்வரை தரவுத்தளம் காத்திருக்கும்; எஃப்.சி.ஓ.இ. என்னும் மற்றொரு சேமிப்பக நெறிமுறையோ பாக்கெட் தொலையாது என்ற நம்பிக்கையிலேயே வகுக்கப்பட்டது.

ஈதர்நெட் என்னும் கம்பிவழி வலையமைப்பில் போக்குவரத்தை 0 முதல் 7 வரை எட்டு முன்னுரிமை வகுப்புகளாகப் பிரிக்கலாம். நெரிசலின்போது அனுப்புவதைச் சற்று நிறுத்தச் சொல்லும் பழைய இடைநிறுத்த முறை இணைப்பு முழுவதையும் நிறுத்தியது; 802.1கியூபிபி என்னும் தரநிலை, நெரிசலுக்கு உள்ளான வகுப்பை மட்டும் நிறுத்துகிறது. வகுப்புகளுக்கு அலைவரிசையை, அதாவது இணைப்பின் கொள்ளளவை, பங்கிடும் வேறொரு தரநிலையும் உண்டு. சேமிப்பகம் பயன்படுத்தாத பங்கை அந்நேரத்தில் மற்றவை எடுத்துக்கொள்ளலாம். சர்வர், சுவிட்ச், சேமிப்பகம் ஆகிய மூன்றிலும் வகுப்பு எண் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஓரிடத்தில் மாறினாலும் தரவு சாதாரண வரிசையில் விழுந்து, நெரிசலில் கைவிடப்படும்.

என் பார்வையில், பலர் இந்த அமைப்போடு நின்றுவிடுவதுதான் ஆபத்து. மெதுவாகப் பெறும் ஒரே கருவி 'நிறுத்து' என்று சொன்னால், அதற்கு அனுப்பும் சுவிட்சின் இடையகம் (தரவு தற்காலிகமாகக் காத்திருக்கும் நினைவகம்) நிரம்பும்; அந்தச் சுவிட்ச் தனக்கு முந்தையதை நிறுத்தச் சொல்லும்; இவ்வாறு தேக்கம் பின்னோக்கிப் பரவி, தொடர்பே இல்லாத சர்வர்களையும் முடக்கும். ஐந்து நிமிடச் சராசரிப் பயன்பாட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது. பல சேமிப்பகங்கள் ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் பதில் அனுப்பும்போது, சில மில்லி வினாடிகளிலேயே இடையகம் நிரம்பிவிடும். சராசரியோ அமைதியாகவே இருக்கும்.

ஆகவே சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டிலும் (இணைப்பு முனையிலும்) வகுப்புவாரியாக அனுப்பப்பட்ட, பெறப்பட்ட நிறுத்தக் குறிகளின் ('நிறுத்து' என்னும் செய்திகளின்) எண்ணிக்கை, காத்திருக்கும் வரிசையின் உச்ச ஆழம், கைவிடப்பட்ட பாக்கெட்டுகள் ஆகியவற்றைத் தொடர்ந்து பதிவுசெய்ய வேண்டும். சுவிட்ச் ஒரு போர்ட்டில் நிறுத்தக் குறியைப் பெறுகிறது என்றால், தேக்கம் அந்தப் போர்ட்டுக்கு அப்பால் இருக்கிறது என்று பொருள். அத்திசையில் ஒவ்வொரு சுவிட்சாகத் தொடர்ந்து சென்றால் மூலக் கருவியை அடையலாம். இரவுநேரக் காப்புப்பிரதி வேலை ஓடும் பொழுதையும் உள்ளடக்கி, வழக்கமான நாள்களின் அளவுகளை முன்கூட்டியே குறித்துவைப்பது அவசியம். அந்தப் பதிவு இல்லாதபோது, கோளாறு நேரும் நாளில் திரையில் தெரியும் ஆயிரம் நிறுத்தக் குறிகள் வழக்கமானவையா புதியவையா என்று எந்தப் பொறியாளராலும் சொல்ல இயலாது.