இரும்பக் காணோம்!

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு இரும்பே தென்படாத ஒரு பழைய நட்சத்திரத்தோட கதை. மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், வானியல்காரங்களுக்கு ஹைட்ரஜன், ஹீலியம் ரெண்டத் தவிர மத்ததெல்லாமே மெட்டல்தான். ஆக்சிஜனும் மெட்டல், கார்பனும் மெட்டல். கெமிஸ்ட்ரி வாத்தியார் யாராச்சும் உக்காந்திருந்தா மன்னிச்சிக்கோங்க.

பிரபஞ்சம் தொடங்கின பிக் பேங் முடிஞ்சப்போ அந்த ரெண்டும் துளியூண்டு லித்தியமும்தான் இருந்துச்சு. அதுலேர்ந்து பொறந்த முதல் நட்சத்திரங்கள் பெரும்பாலும் ராட்சச சைஸ்ல இருந்திருக்கணும்ங்கறாங்க, ஏன்னா நட்சத்திரம் பொறக்கற வாயு மேகம் சின்னச்சின்னதா உடையணும்னா நல்லா குளிரணும், குளிர வைக்கற கார்பனும் ஆக்சிஜனும் அப்போ கெடையாது. அவ்ளோ பெருசா பொறந்தா சில மில்லியன் வருஷத்துல கதை முடிஞ்சிரும். ஆனா அதுங்க வெடிச்ச சாம்பல்ல பொறந்த பிள்ளைங்க இன்னும் இருக்கு. சூரியன விட எடை கொஞ்சம் கம்மியா இருந்தா 1300 கோடி வருஷம் தாண்டியும் எரியும், பொறந்தப்போ இருந்த கலவை மேல்பரப்புல பெருசா மாறாம இருக்கும்.

அப்படி ஒண்ணத்தான் ஆஸ்திரேலியாவுல சைடிங் ஸ்ப்ரிங்ல இருக்கற ஸ்கைமேப்பர் டெலஸ்கோப் காட்டிக்கொடுத்துச்சு, வானியலாளர் ஸ்டெஃபான் கெல்லர் குழு 2014ல வெளியிட்டாங்க. சிலியில இருக்கற மெகல்லன் டெலஸ்கோப்ல ஸ்பெக்ட்ரம் எடுத்து, அதாவது ஒளிய நிறம் நிறமா பிரிச்சுப் பாத்தா, ஒவ்வொரு தனிமமும் அதுக்குன்னு கோடு விட்டுட்டுப் போகும்; இதுல கால்சியம் கோடு மெலிசா தெரியுது, மெக்னீசியம் இருக்கு, கார்பன் தாராளமா இருக்கு, இரும்புக்கோடு மட்டும் எங்க தேடியும் இல்ல! சூரியன்ல இருக்கறதுல கோடியில ஒரு பங்கு கூட இல்லைங்க.

எங்க போச்சு அந்த இரும்பு? பெரிய நட்சத்திரத்துக்குள்ள வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும், நடுவுல இரும்பு, வெளிய கார்பன். வெடிப்பு வீக்கா இருந்தா வெளி அடுக்கு தப்பிச்சுப் போயிடும், உள்ள இருக்கறது திரும்ப விழுந்து கருந்துளைக்கு தீனி ஆயிடும். சுமார் 60 சூரியன் எடையுள்ள ஒரே ஒரு நட்சத்திரம் இப்படி நமுத்த பட்டாசா வெடிச்சிருந்தா கணக்கு பொருந்துதுன்னு கெல்லர் குழு காட்டினாங்க. அதுக்கு முன்னாடி பல பேர் எதிர்பார்த்தது இதுக்கு நேர் எதிர், 140 சூரியனுக்கு மேல எடை, மிச்சமே இல்லாம மொத்தமா வெடிச்சு ஏகப்பட்ட இரும்ப வாரி இறைக்கற கேஸ். அந்தக் கைரேகை இந்த நட்சத்திரத்துல இல்ல.

சரி, கார்பன்தான் மேகத்தக் குளிர வெச்சு சின்ன நட்சத்திரங்கள பொறக்க வெச்சுதுன்னு முடிச்சிரலாம்னு பாத்தா, 2011லயே எலிசபெட்டா கஃபாவ்ங்கற வானியலாளரோட குழு சிம்ம ராசிப் பக்கம் இன்னொரு பழைய நட்சத்திரத்தக் கண்டுபிடிச்சிருந்தாங்க. அதுல இரும்பும் ரொம்ப கம்மி, கார்பனும் அப்படி ஒண்ணும் தூக்கலா இல்ல. அது பொறந்த மேகத்த தூசிதான் குளிர வெச்சிருக்கணும்னு சில ஆய்வாளருங்க சொல்றாங்க. எனக்கும் அதுதான் சரின்னு படுது.