டஞ்சன் சோறு, ஆங்கிலக் குரலில்

நேயர்களுக்கு வணக்கம்.

நண்டு ஆய்வதைச் செட்டிநாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓட்டைப் பிரித்து, இரண்டு பக்கமும் சீப்பு மாதிரி இருக்கும் செவுளை எடுத்து எறிந்துவிட்டு, கொடுக்கைக் குழவியால் லேசாக ஒரு தட்டுத் தட்டுவோம். தட்டாமல் போட்டால் மசாலா உள்ளே இறங்காது, நண்டின் சாறும் குழம்புக்கு வராது. இதே வேலையை ஒரு ஜப்பானிய அனிமே (ஓவிய அசைவுப்பட) தொடரில், பாதாளச் சுரங்கம் ஒன்றுக்குள், தாடி வளர்த்த ஒரு குள்ளர் செய்கிறார். அவர் கையில் இருப்பது ஆளை அடிக்கிற அளவுப் பெரிய தேள். வாலை வெட்டி எறி, தின்றால் வயிற்றைக் கெடுக்கும். தலை, கால், கொடுக்கு எல்லாம் தனியே எடு. குடல் கசக்கும், அதையும் எடு. உடம்பில் அங்கங்கே கீறிவிடு, அப்போதுதான் சூடு ஏறும், சாறும் இறங்கும். கொதி வந்ததும் தேள் நண்டைப் போலவே சிவந்துவிடுகிறது.

தொடரின் ஆங்கிலப் பெயர் 'டெலிஷஸ் இன் டஞ்சன்'. ரியோகோ குய் என்ற ஓவியர் 2014 முதல் 2023 வரை வரைந்து, 14 தொகுதிகளாக வந்த மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை அது. டிரிக்கர் ஸ்டுடியோ தயாரிக்க, யோஷிஹிரோ மியாஜிமா இயக்கத்தில் 24 எபிசோடுகளாக 2024 ஜனவரி முதல் ஜூன் வரை நெட்ஃபிளிக்ஸில் வாரா வாரம் வந்தது. முடிந்த கையோடு இரண்டாம் சீசனும் அறிவிக்கப்பட்டது.

கதை எளிமையானது. லையோஸ் என்ற வாள்வீரனின் கூட்டம் சிவப்பு டிராகனிடம் தோற்கிறது. அவன் தங்கை ஃபாலின், தான் டிராகனின் வாய்க்குள் போகிற நேரத்தில் மந்திரம் போட்டு மற்றவர்களை வெளியே அனுப்பிவிடுகிறாள். அந்தச் சுரங்கத்தில் செத்தவர்களை மந்திரத்தால் எழுப்பலாம், ஆனால் டிராகனின் வயிற்றில் அவள் செரித்துப் போவதற்குள் போய்ச் சேர வேண்டும். கையில் காசில்லை, கட்டுச்சோறும் இல்லை. வழியில் எதிர்ப்படும் பூதங்களையே அடித்துச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கீழே இறங்குகிறார்கள். மாயாஜாலக் கதைகளில் வீரர்கள் எப்போது சாப்பிட்டார்கள் என்றே தெரியாது. இங்கே பசிதான் கதையை இழுத்துக்கொண்டு போகிறது. என் மதிப்பில் இதன் பெரிய பலம் இதுதான்.

இதை ஆங்கில டப்பிங்கில் பார்க்கலாமா, ஜப்பானியக் குரலில் சப்டைட்டிலோடுதான் பார்க்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் டப்பிங்கில் எது கைக்கு வந்தது, எது நழுவியது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் ரசனை கூடும்.

நழுவியது பெயரிலிருந்தே தொடங்குகிறது. ஜப்பானிய மூலத்தின் பெயர் 'டஞ்சன் மெஷி'. டஞ்சன் என்பது அந்தப் பாதாளச் சுரங்கம். மெஷி என்றால் வெந்த அரிசி. சாப்பாடு என்ற பொதுப்பொருளும் அதற்கு உண்டு, கொஞ்சம் முரட்டுத்தனமான பேச்சுவழக்குச் சொல். நம் 'சோறு' அப்படியே அதுதான். 'சோறு தின்னாச்சா' என்று கேட்கும்போது இருக்கிற உரிமையும் வெள்ளந்தித்தனமும் மெஷியில் இருக்கின்றன. ஆங்கிலப் பெயரில் அது 'ருசியானது' என்று திரும்பிவிட்டது. சமையல்காரக் குள்ளரின் பெயர் சென்ஷி. ஜப்பானியக் காதுக்கு அது 'போர்வீரன்' என்றும் கேட்கும். ஆங்கிலத்தில் அது வெறும் பெயராக நின்றுவிடுகிறது.

அடுத்தது வாக்கியத்தின் போக்கு. ஜப்பானிய மொழியும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைப்பது. 'இந்த வாலைத் தின்னாதே' என்றால் 'தின்னாதே' கடைசியில்தான் விழும். படத்தில் எதிராளி திடுக்கிடுகிற முகமும் அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் வரையப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் 'வேண்டாம்' என்பது முதலிலேயே வந்துவிடுகிறது, திடுக்கிடல் அரை நொடி பின்தங்குகிறது. கைதேர்ந்த வசன எழுத்தாளர் வாக்கியத்தை உடைத்து, 'இந்த வால் இருக்கிறதே, அதைத் தின்னாதே' என்கிற மாதிரி மாற்றி, முக்கியச் சொல்லைப் பின்னுக்குத் தள்ளுவார். தமிழ் பேசுகிறவர்கள் ஜப்பானியக் குரலோடு சப்டைட்டில் படிக்கும்போது, சொல்லும் முகமும் ஒன்றாக விழுவது போலத் தோன்றினால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 

உதட்டசைவு நினைக்கிற அளவுக்குப் பெரிய சிக்கல் இல்லை. அனிமேயில் வாய்க்குப் பெரும்பாலும் மூன்று ஓவியங்கள்தான்: மூடிய வாய், பாதி திறந்தது, முழுக்கத் திறந்தது. நிஜ நடிகர் நடித்த படத்தில் ப, ம என்று உதடு ஒட்டும் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். இங்கே வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்ற நேரம் பொருந்தினால் போதும். அந்த நேரத்தை நிரப்புவதில்தான் கோளாறு வரும். ஜப்பானியத்தில் ஒரு கருத்தைச் சொல்ல அசைகள் அதிகம் தேவைப்படும், ஆங்கிலம் அதையே சுருக்கமாக முடித்துவிடும். மிச்சமிருக்கும் வாயசைவுக்கு எதையாவது போட்டாக வேண்டும். 'ம், சரி', 'பாரு' என்று ஒட்டுச்சொற்கள் நுழைவது இதனால்தான். மட்டமான டப்பிங்கில் இந்த ஒட்டுச்சொற்கள் குழம்பில் கரையாத புளிச்சக்கை மாதிரி நாக்கில் படும். இந்தத் தொடரில் அந்த இடைவெளிகளை முனகலாலும் மூச்சாலும் நிரப்பியிருக்கிறார்கள். அதனால் உறுத்தவில்லை.

பதிவு செய்கிற முறையும் வேறு. ஜப்பானில் நடிகர்கள் பெரும்பாலும் ஒரே அறையில் கூடி நின்று, ஒருவருக்கொருவர் பதில் சொல்லிப் பதிவு செய்வார்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொருவராகத் தனித்தனியே வருவார்கள். காதில் மூன்று பீப் ஒலி கேட்கும், நான்காவது ஒலிக்க வேண்டிய இடத்தில் பேசத் தொடங்க வேண்டும். எதிரே பேச ஆளில்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் சண்டை போடும் காட்சி தட்டையாகப் போவது இதனால்தான். அலறல் வசனங்களைப் பதிவின் கடைசிக்கு ஒதுக்குவது வழக்கம். முதலிலேயே அலறினால் தொண்டை கட்டிவிடும், பிறகு மெல்லப் பேசும் வசனம் கரகரக்கும்.

இவ்வளவு தடைகளுக்கு நடுவே நான்கு குரல்களும் நன்றாக நிற்கின்றன. லையோஸுக்கு டேமியன் ஹாஸ். பூதத்தைப் பார்த்ததும் 'இது எப்படி ருசிக்கும்' என்று கண்கள் விரிகிற ஆசையை ஒரு சிறுவனைப் போல, கள்ளமே இல்லாமல் பேசுகிறார். மந்திரக்காரி மார்சில்லுக்கு எமிலி ரட். அருவருப்பு, கோபம், பிறகு ஒரு வாய் வைத்ததும் வரும் வெட்கம், மூன்றும் ஒரே மூச்சில் மாறுகின்றன. பூட்டும் பொறியும் பார்க்கிற சில்சக்குக்கு கேஸி மோஞ்சில்லோ. உருவத்தில் சிறுவன், வயதிலும் அலுப்பிலும் குடும்பஸ்தன். குரலைக் கீச்சென்று ஆக்காமல், களைத்துப்போன பெரிய மனிதராகவே பேசியிருப்பது சரியான தீர்மானம். சென்ஷிக்கு சங்வான் சோ. அடிவயிற்றிலிருந்து வரும் நிதானமான குரல். பக்குவம் சொல்லும்போது ஓர் அவசரமும் இல்லை. நம் ஊர் விசேஷ வீடுகளில் தலைமைச் சமையல்காரர் அடுப்படியில் நின்று பேசுகிற தொனி அது.

மாண்ட்ரேக் ஆம்லெட் செய்யும் இடத்தில் இந்தக் குரல்களைக் கவனியுங்கள். மாண்ட்ரேக் என்பது பிடுங்கினால் அலறுகிற கிழங்கு, அலறலைக் கேட்டவன் சாவான். சென்ஷி அது கத்துவதற்குள் தலையைச் சீவிவிடுகிறார். மார்சில் தான் படித்த முறைப்படிதான் பிடுங்க வேண்டும் என்று மல்லுக்கு நின்று, அவள் பாட்டுக்கு ஒன்றைக் கொண்டு வருகிறாள். சமைத்துப் பார்த்தால், கத்தவிட்டதில் கசப்புக் குறைந்து ருசி மென்மையாக இருக்கிறது. சென்ஷி அதை ஒத்துக்கொள்கிறார். பத்து வருடம் பூதச் சமையலிலேயே ஊறிய ஆள், ஒரு கற்றுக்குட்டியின் பக்குவத்தை ஏற்றுக்கொள்கிற அந்த நிறுத்தம் ஆங்கிலத்திலும் கெடாமல் வந்திருக்கிறது.

சமையல் நுணுக்கத்துக்காகவும் கேட்க வேண்டிய தொடர் இது. நடக்கும் காளானில் மேல்தோலையும் அடியில் சுமார் 3 சென்டிமீட்டரையும் கழித்துவிட்டு, காலை ருசியான பாகமென்று எடுத்து வைக்கிறார்கள். ஸ்லைம் என்ற கொழகொழப்பான பூதத்தை எலுமிச்சை இனப் பழச்சாறு கலந்த வெந்நீரில் கழுவி, உப்புத் தடவி, வெயிலில் காயவைக்கிறார்கள். நன்றாகக் காய இரண்டு வாரம். உப்புக்கண்டம் கோத்து மாடியில் காயப்போடுகிற ஊருக்கு இதன் காரணம் விளங்கும்: உப்பு நீரை இழுக்கும், வெயில் மிச்சத்தை வற்றவைக்கும், நீர் இல்லாத இடத்தில் கெட வைக்கும் கிருமி வளராது. அவசரப்பட்டு மேல் மட்டும் காய்ந்ததும் எடுத்துவிட்டால் உள்ளே ஈரம் நின்று ஊசிப்போகும்.

பார்க்கும்போது செய்ய வேண்டிய இரண்டு சின்ன வேலைகள். ஆங்கில ஆடியோ வைத்தால், சப்டைட்டில் பட்டியலில் சிசி என்று குறியிட்ட ஆங்கிலம் இருந்தால் அதை எடுங்கள். அது பெரும்பாலும் டப்பிங் வசனத்தையே எழுதியிருக்கும். குறியில்லாத ஆங்கிலம் ஜப்பானிய வசனத்தின் மொழிபெயர்ப்பாக இருக்கலாம், காது ஒன்று கேட்க கண் வேறொன்று படிக்கும், இரண்டும் மனதில் நிற்காது. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் பார்ப்பவர்கள், பல ஸ்பீக்கர்களுக்கென்று பிரித்த 5.1 ஆடியோ வைத்தால் வசனம் அமுங்கி இசை மட்டும் எழும்பும். ஸ்டீரியோ இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் முதல் பத்து எபிசோடுகள்வரை உடன் உட்கார்ந்து பார்க்கலாம். சிவப்பு டிராகனோடு நடக்கும் சண்டையிலிருந்து ரத்தமும் எலும்பும் அதிகம். அந்த எபிசோடுகளைப் பெரியவர்கள் முன்பே ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு தீர்மானிக்கட்டும். குரல் ஒப்பிட்டுப் பார்க்க முழுத் தொடரும் தேவையில்லை. முதல் எபிசோடில் தேள் வேகிற அந்தச் சில நிமிடங்களை ஒருமுறை ஆங்கிலத்திலும், உடனே ஒருமுறை ஜப்பானியத்திலும் ஓடவிட்டு, மார்சில் முதல் வாய் எடுத்து வைக்கிற இடத்தை மட்டும் கேளுங்கள்.

வணக்கம்.