ஊஞ்சலை ஆட்டுவது யார்?

அனைவருக்கும் வணக்கம். நான் மருத்துவர் இல்லை. பதினேழு வருடமாகச் சர்க்கரையோடு குடித்தனம் நடத்துகிறவன். அந்த ஒரே தகுதியில்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

ஒரு ராத்திரிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மணிக்குச் சர்க்கரை மீட்டர் 280 காட்டியது. பதறிப்போய் இன்சுலின் போட்டேன். பத்து மணிக்குப் பார்த்தால் 260. "இவ்வளவுதான் இறங்கியதா?" என்று இன்னொரு ஊசி. ஒரு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி விழித்தேன். 52! கையில் அகப்பட்ட இனிப்பையெல்லாம் அள்ளி வாயில் போட்டேன். விடிந்ததும் 310.

இதில் நோயின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு? சர்க்கரை இப்படி ஏறி இறங்கிய அந்த ஊஞ்சலைப் பாதிக்குமேல் ஆட்டியது நான்தான்.

வேகமாக வேலை செய்யும் இன்சுலின்கூட உச்சத்துக்கு வர ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும். நாலு மணி நேரம் வரைக்கும் அதன் வேலை ஓடிக்கொண்டிருக்கும். பத்து மணிக்கு முதல் ஊசி இன்னும் பாதி வழியில் இருந்தது. அதன் தலைமேல் நான் இரண்டாவதை ஏற்றிவிட்டேன்.

இறங்கும்போதும் இதே அவசரம்தான். 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு 15 நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்கவேண்டும். சொல்வதற்குச் சுலபம். அந்த நேரத்தில் மூளை "தின்னு, தின்னு" என்று அலறும் பாருங்கள், அந்தப் பதினைந்து நிமிடம் ஒரு யுகம். அதனால் நான் 15 கிராமை முன்கூட்டியே அளந்து பொட்டலம் கட்டிப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கொழுப்புச் சேர்ந்த இனிப்பு வேண்டாம், அது மெதுவாகத்தான் ஏறும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள்.

சரி, ராத்திரி ஒன்றுமே சாப்பிடாமல் படுத்தும் காலையில் ஏறியிருக்கிறதே? வீட்டில் திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். பாவம், நாம் ஒன்றும் செய்யவில்லை. விடியும் நேரத்தில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை சுரக்க, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடுகிறது. சில நாட்கள் மூன்று மணிக்கு எழுந்து ஒரு சோதனை செய்து குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த ஒரு எண் அவருக்கு நிறையச் சொல்லும்.

மூன்று மாதச் சராசரி இதையெல்லாம் சொல்லாது. அந்தச் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனைதான் ஹெச்பிஏ1சி. அது 7 என்றால் சராசரி ஏறத்தாழ 154. ஒருவர் 110க்கும் 200க்கும் நடுவே இருந்து அந்த 154ஐ எட்டியிருப்பார். இன்னொருவர் 50க்கும் 300க்கும் நடுவே அலைந்து எட்டியிருப்பார். காகிதத்தில் இரண்டு பேருக்கும் ஒரே மார்க்!

மீட்டரையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். தரமான மீட்டருக்கே 15 சதவீதம் முன்பின் போக அனுமதி உண்டு. அடுத்தடுத்து 150, 165 என்று வந்தால் ஏறிவிட்டது என்று பொருள் இல்லை. பழம் உரித்த கையோடு குத்திப் பார்த்தால் விரலில் ஒட்டிய சர்க்கரையையும் சேர்த்துத்தான் அது கணக்குச் சொல்லும். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

அப்புறம், இன்சுலின் போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். இதை எனக்குப் பல வருடம் யாரும் சொல்லவில்லை. வலி தெரியாத இடம் என்று ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தேன். அங்கே தோலுக்கு அடியில் கொழுப்பு திரண்டு கட்டிபோல் ஆகிவிட்டது. அதற்குள் போகும் இன்சுலின் ஒரு நாள் சட்டென்று இறங்கும், இன்னொரு நாள் அங்கேயே தங்கிவிடும். ஒரே சாப்பாடு, ஒரே அளவு, ஆனாலும் தினம் ஒரு எண். காரணம் தெரியாமல் தட்டிலேயே குற்றம் தேடிக்கொண்டிருந்தேன்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஊசி போடும் இடங்களைத் தடவிப் பாருங்கள். தடிப்பு தென்பட்டால் அங்கே குத்தாதீர்கள். ஆனால் இடம் மாற்றுவதற்கு முன்னால் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல இடத்தில் இன்சுலின் முழுதாக உள்ளே போகும். பழைய அளவையே போட்டால் என்னைப்போல் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார வேண்டிவரும்.