லாரியில் ஏறிய ஒற்றைச் சீக்கியர்

நேயர்களுக்கு வணக்கம். வரலாற்றுப் படங்களில் யாருடைய முகத்துக்கு இடம் கிடைக்கிறது, யாருடையது விட்டுப்போகிறது என்று பேசத்தான் வந்திருக்கிறேன். பொதுப்படையாகச் சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். அதனால் இரண்டு போர்ப் படங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, கிறிஸ்டோபர் நோலன் 2017இல் தந்த ‘டன்கிர்க்’. இரண்டாம் உலகப் போரில், 1940இல், ஜெர்மானியர் நெருக்கியதால் பிரான்ஸ் கடற்கரையில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ், நேச நாட்டு வீரர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மீட்ட கதை. அந்தப் படையோடு இந்திய ராணுவத்தின் கோவேறு கழுதைக் கம்பெனிகளும் இருந்தன. பிரிட்டிஷ் ராணுவம் மோட்டார் வண்டிகளுக்கு மாறிவிட்டதால், வண்டி போகாத இடங்களுக்குச் சுமை கொண்டுபோக இவர்களை வரவழைத்தார்கள். பெரும்பாலும் பஞ்சாபி முஸ்லிம்கள். ஒரு கம்பெனி ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. படத்தில் இவர்களில் ஒருவரைக்கூடக் காணோம். எண்ணிக்கை குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அவ்வளவு பெரிய கூட்டத்தில் நாலு தலைப்பாகை தெரிந்திருந்தால் படம் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

அப்புறம் சாம் மெண்டிஸின் ‘1917’. 2019இல் வந்தது. முதல் உலகப் போரில், தாக்குதலை நிறுத்தச் சொல்லும் கடிதத்தோடு போர்க்களத்தைக் கடக்கும் பிரிட்டிஷ் வீரர்களின் கதை. வழியில் நாயகன் ஒரு லாரியில் ஏறுகிறான். உள்ளே பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு நடுவே ஒரு சீக்கியர். இதை வலிந்து திணித்ததாக ஓர் ஆங்கில நடிகர் சொன்னார். சர்ச்சை எழுந்தது, பிறகு மன்னிப்பும் கேட்டார்.

முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பணியாற்றினார்கள். 1915இல் பிரான்சின் நவ் ஷபேல் என்ற ஊரில் பிரிட்டிஷ் தரப்பு நடத்திய தாக்குதலில் இறங்கிய படையில் ஏறக்குறையப் பாதி இந்தியப் படை. ஆகவே சீக்கியர் அங்கே எப்படி வந்தார் என்ற கேள்விக்கே இடமில்லை. என் குறை வேறு. இந்தியர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த ரெஜிமெண்டுகளில், தங்கள் ஆட்களோடு, தங்கள் மொழி பேசிக்கொண்டுதான் போரிட்டார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிடுங்கி வெள்ளையர் லாரியில் உட்கார வைத்தால், முகம் திரையில் தெரியும். அவருடைய வரலாறு தெரியாது. இந்தியக் காலாட்படையின் பெரும்பகுதி 1915 முடிவில் மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக் பக்கம் போய்விட்டது. ஆனால் குதிரைப்படை 1917இலும் பிரான்சில்தான் இருந்தது. அதைக் காட்டியிருக்கலாமே!

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், கடிதம் கொண்டுபோன கதைதான் வேண்டும் என்றால் அதே ஆண்டிலேயே ஒன்று நடந்திருக்கிறது. 1917 டிசம்பர் 1, பிரான்சில் கம்ப்ரே போர். ராஜஸ்தானைச் சேர்ந்த கோவிந்த் சிங் என்ற லான்ஸ் தஃபேதார் (குதிரைப்படையில் ஒரு கீழ்நிலைப் பதவி), சூழப்பட்டிருந்த தன் ரெஜிமெண்டுக்கும் பிரிகேட் தலைமையகத்துக்கும் இடையே செய்தி கொண்டுபோகத் தானே முன்வந்தார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் பொழிந்துகொண்டிருந்த வெட்டவெளி. மூன்று முறையும் ஏறியிருந்த குதிரை சுடப்பட்டு விழுந்தது. மீதி வழியைக் காலால் கடந்தார். போர்க்கள வீரத்துக்கான பிரிட்டனின் மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்.

மெண்டிஸைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. போர்முனையில் செய்தி கொண்டுபோன தன் தாத்தா சொன்ன கதைகளிலிருந்துதான் அவருக்கு அந்தப் படமே பிறந்தது. அந்தத் தாத்தா பிறந்த ஊரோ திரினிடாட் தீவு! பேரனுக்குத் தாத்தாவின் கதை கிடைத்தது. கோவிந்த் சிங்குக்கு அப்படியொரு பெரிய படம் எடுக்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அந்தச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களிலிருந்து தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்த பகுதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. குளிர், பணம், வீட்டுச் சண்டை, பிரெஞ்சுக் கிழவி காட்டிய அன்பு என்று எல்லாம் அதில் வரும். வசனத்துக்கு ஒரு திரைக்கதாசிரியர் அதிகம் அலைய வேண்டியதில்லை.

நன்றி, வணக்கம்.