பாறையைச் சுட்டுப் படிக்கும் ஒளி

(திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கும் ஊரவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் உள்ள ஊரில் எரிமலைப் பாறையைப் பற்றிப் பேசினால், "இங்கேயும் எரிமலை இருந்ததா, ஐயா?" என்று யாராவது கேட்பார்கள். இல்லை. மழைநீர் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வருகிறது, அவ்வளவுதான். கோணேசர் கோயில் நிற்கும் பாறையும் எரிமலை கக்கியதன்று, மிகப் பழைய உருமாறிய பாறை. ஆகவே லேசர் ஒளியால் கல்லைச் சுட்டு, அதில் என்னென்ன மூலகங்கள் உள்ளன என்று படிக்கும் முறையைச் சொல்ல, எரிமலைக் கல்லுக்கு நான் செவ்வாய்க் கிரகத்துக்கே போகிறேன்.

2012 ஆகஸ்ட் 19 அன்று, நாசாவின் கியூரியோசிட்டி என்ற ஆய்வு ஊர்தி அங்கே கைமுட்டி அளவான ஒரு கல்லைத் தன் லேசரால் 10 செக்கனில் 30 முறை சுட்டது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு செக்கனின் நூறு கோடியில் ஐந்து பங்கு நேரமே நீடித்தது. ஆனால் அந்த ஆற்றல் முழுவதும் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத புள்ளியில் குவிந்ததால், அந்தப் புள்ளியில் கல் ஆவியாகி, பிளாஸ்மா எனப்படும் மின்னேற்றம் பெற்ற சூடான வாயுவாக ஒளிர்ந்தது. அணுக்களில் மேல்மட்டத்துக்கு ஏறிய இலத்திரன்கள் கீழே இறங்கும்போது, மூலகத்துக்கு மூலகம் வேறான நிறங்கள் வெளிவரும்; ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அவை தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். சோடியத்துக்கு 589 நனோமீற்றர் மஞ்சள். அடுப்பில் உப்பு விழுந்தால் சுவாலையில் தெரிகிற அதே மஞ்சள்தான். கல்சியத்துக்கு 393, 397 அருகே ஊதாக் கோடுகள்.

முதல் துடிப்பில் தெரிந்த ஐதரசன் கோடு, பின்வந்தவற்றில் காணாமற்போயிற்று. அப்படியானால் ஐதரசன் கல்லின் மேற்பரப்பில் மட்டும் இருந்திருக்கிறது! கல்லை உடைக்காமல், கையால் தொடாமல், மேலிருந்து உள்ளே படித்துக்கொண்டே போகலாம் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். அந்தக் கல் பசால்ட் என்னும் எரிமலைப் பாறை வகையைச் சேர்ந்தது.

ஒளிக்கோடு தெரிந்ததும் "சிலிக்கா (சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த பொருள்) இத்தனை வீதம்" என்று எழுதிவிட முடியாது. பசால்ட்டில் சிலிக்கா ஏறத்தாழ 45 முதல் 52 வீதம், அதற்கு மேலே போனால் அண்டிசைட் என்ற வேறொரு எரிமலைப் பாறை. இந்த எல்லையில் இரண்டு வீதம் பிசகினால் கல்லின் பெயரே மாறிவிடும். அதிலும் ஒரே அளவு கல்சியம், கண்ணாடி போன்ற கல்லில் ஒரு பிரகாசத்தையும் படிகக் கல்லில் வேறொரு பிரகாசத்தையும் காட்டும். அதனால்தான் இரசாயனம் ஏற்கெனவே தெரிந்த மாதிரிகளை ஊர்தி தன்னோடு கொண்டுபோனது. அவற்றுள் எரிமலைக் கண்ணாடியும் உண்டு. அவற்றையும் சுட்டு ஒப்பிட்ட பிறகே எண்ணை நம்பலாம். கருவியைப் புகழ்பவர்கள் இந்த ஒப்பீட்டு வேலையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கனிம மணிகள் பெரிதாக உள்ள பருமணிப் பாறையில் இன்னொரு தொல்லை. லேசர் பெல்ஸ்பார் என்ற கனிமத்தின் ஒரேயொரு மணியில் விழுந்தால், அந்த மணியின் இரசாயனம்தான் கிடைக்கும், பாறையினுடையதன்று. பல புள்ளிகளைச் சுட்டுச் சராசரி எடுக்க வேண்டும்.

நம் மாவட்டத்துப் புல்மோட்டை மணலை இந்த முறையில் பார்க்கலாமா? தாராளமாக. அந்த மணலில் உள்ள இல்மனைட் என்ற கனிமத்தில் இரும்பும் தைத்தேனியமும் இருக்கின்றன; இரண்டுக்கும் கோடுகள் ஏராளம், ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி விழும். மற்றவற்றோடு கலக்காத கோட்டைப் பொறுமையாகத் தேட வேண்டும். உதிரி மணலைச் சுட்டால் சிதறும். முதலில் அரைத்து வில்லையாக அழுத்துங்கள். இந்த லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி; அதற்குரிய பாதுகாப்புக் கண்ணாடி போடாத மாணவரை ஆய்வுகூடத்துக்குள் விடவே கூடாது.