கரடிகள் எட்டு வகைதானா?

வணக்கம். சென்ற வீடியோவின் கீழே ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "உலகத்தில் எட்டு வகைக் கரடிகள்தான் என்று சொன்னீர்கள். கிரிஸ்லி, கோடியாக், வெள்ளைக் கரடி, பாண்டா, கோலா என்று எண்ணிக்கொண்டே போனால் பத்துக்கு மேல் வருகிறதே? அப்புறம், மூங்கில் தின்னும் பாண்டா எப்படிக் கரடி ஆகும்?" நல்ல கேள்வி. நானும் கரடிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது இதே இடத்தில்தான் குழம்பினேன்.

எட்டு என்பது சரிதான். பழுப்புக் கரடி, துருவக் கரடி, அமெரிக்கக் கருங்கரடி, ஆசியக் கருங்கரடி, தேன் கரடி, சூரியக் கரடி, கண்ணாடிக் கரடி, பாண்டா. இப்போது உயிரோடு இருக்கும் இனங்கள் இவ்வளவுதான். கணக்கு கூடுவதற்குக் காரணம், ஊருக்கு ஊர் ஒரு பெயர் இருப்பதும், நாம் நிறத்தை வைத்து எண்ணுவதும்.

கிரிஸ்லியும் கோடியாக்கும் பழுப்புக் கரடிகள்தான். ஸ்பெயினிலிருந்து ரஷ்யா வழியாக ஜப்பானின் ஹொக்கைடோ தீவு வரை, அந்தப் பக்கம் வட அமெரிக்காவிலும் இந்த ஒரே இனம் பரவியிருக்கிறது. அலாஸ்காவின் கோடியாக் தீவுகளில் சால்மன் மீன் ஏராளம். அதைத் தின்று வளரும் ஆண் கரடி 600 கிலோவையும் தாண்டும். மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் கிழங்கையும் புல்லையும் நம்பி வாழ்கிற பழுப்புக் கரடி அதன் பக்கத்தில் நின்றால் வேறு விலங்கு என்றே தோன்றும். இடமும் சாப்பாடும் மாறியிருக்கிறது, இனம் மாறவில்லை.

நிறம் இன்னும் மோசமாக ஏமாற்றும். அமெரிக்கக் கருங்கரடி என்று பெயர், ஆனால் அதில் செம்பழுப்பு நிறத்தில் நிறையக் கரடிகள் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடலோரக் காடுகளில் வெண்மையாகவே சில பிறக்கின்றன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே ஒடுங்கு மரபணு, அதாவது ஒன்று மட்டும் இருந்தால் வெளியே தெரியாத மரபணு, வந்து சேர்ந்தால் குட்டி வெள்ளையாகிவிடும். கறுப்புத் தாய்க்கு வெள்ளைக் குட்டி பிறக்கும். அங்குள்ள பூர்வகுடி மக்கள் அதை ஆவிக் கரடி என்று மதிக்கிறார்கள். துருவக் கரடிக்கும் அதற்கும் எந்த நெருக்கமும் இல்லை.

சரி, துருவக் கரடி? அதன் உரோமத்தில் வெள்ளைச் சாயமே கிடையாது. ஒவ்வொரு முடியும் நிறமற்றது, ஒளி பட்டுச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. உள்ளே இருக்கும் தோல் கறுப்பு. இதற்கு மிக நெருங்கிய உறவு பழுப்புக் கரடி. 2006இல் கனடாவின் வடக்கே வேட்டையில் கிடைத்த ஒரு கரடியின் மரபணுவைச் சோதித்தபோது, அதன் தாய் துருவக் கரடி, தந்தை கிரிஸ்லி என்று தெரிந்தது. அப்படியானால் இரண்டும் ஒரே இனமா என்று கேட்பீர்கள். இல்லை. பல லட்சம் ஆண்டுகளாக இரண்டும் தனித்தனியே வளர்ந்து வந்த கிளைகள். ஒன்று கடல் பனிமேல் சீல் என்ற கடல் விலங்கைப் பிடித்துத் தின்கிறது, மற்றொன்று கிழங்கு, பழம், மீன், இறைச்சி என்று கிடைப்பதையெல்லாம் தின்கிறது. எப்போதாவது கலப்பு நடக்கிறது என்பதால் மட்டும் இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது.

இப்போது பாண்டா. இந்தச் சந்தேகம் அறிவியலாளர்களுக்கே நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. 1869இல் பிரெஞ்சுப் பாதிரியார் அர்மான் டேவிட் இதைக் கரடி என்றுதான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் எலும்பையும் பல்லையும் பார்த்து, இது ரக்கூன் என்ற சிறிய அமெரிக்க விலங்கின் பக்கம் சேர வேண்டியது என்று வாதாடினார்கள். 1980களில் மரபணுச் சோதனைகள் வந்த பிறகுதான் கரடியே என்று முடிவானது. குடலைப் பாருங்கள், இறைச்சி தின்னும் விலங்கின் குட்டைக் குடல் அது. மூங்கிலிலிருந்து அதற்குக் கிடைக்கும் சத்து கொஞ்சம்தான். அதனால் ஒரு நாளில் பாதி நேரத்தைச் சாப்பிடுவதிலேயே கழிக்கிறது. குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கழிக்கும் அளவுக்குக் கொழுப்பைச் சேர்க்கவும் முடிவதில்லை. மூங்கிலைப் பிடிக்க ஆறாவது விரல் மாதிரி ஒன்று இருக்கிறதே, அது விரல் அல்ல, நீண்டு வளர்ந்த மணிக்கட்டு எலும்பு.

சிவப்புப் பாண்டா கரடி இல்லை, அது தனிக் குடும்பம். கோலாவும் கரடி இல்லை, கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வளர்ப்பது.

தலைகீழான தவறும் நடந்திருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் தேன் கரடியின் நீண்ட நகங்களையும், மேல் முன்பற்கள் இரண்டு இல்லாததையும் பார்த்த ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர், 1791இல் அதை மரத்தில் தொங்கும் ஸ்லாத் வகை என்று பதிவு செய்துவிட்டார். அந்தப் பல் இடைவெளி வழியாகத்தான் அது கறையானை உறிஞ்சித் தின்கிறது. தவறு திருத்தப்பட்ட பிறகும் ஆங்கிலப் பெயரில் ஸ்லாத் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் மொழியின் தேன் கரடி என்ற பெயர்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

எட்டில் நான் அதிகம் பேச ஆசைப்படுவது கண்ணாடிக் கரடியைத்தான். தென் அமெரிக்காவில் இருக்கும் ஒரே கரடி இனம், வெனிசுலாவிலிருந்து பொலிவியா வரை ஆண்டிஸ் மலைக்காடுகளில் வாழ்கிறது. கண்ணைச் சுற்றியுள்ள வெளிர் வளையம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், சிலவற்றுக்கு இருக்கவே இருக்காது. குறுமுகக் கரடிகள் என்று ஒரு பெரிய கிளை அமெரிக்கக் கண்டங்களில் இருந்தது. அதில் இருந்த ராட்சதக் கரடிகள் பனியுகம் முடிந்த காலத்தோடு மறைந்துபோயின. அந்தக் கிளையில் இன்று உயிரோடு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.